மாந்தோவா: இரண்டு இரவு, மூன்று பகல் – கலைப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

வட இத்தாலியில் இருக்கும் மாந்தோவாவை ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஆண்ட குடும்பம் கொன்சாகா. தலைமுறை தலைமுறையாக ஓவியமும் சிலையும் வாங்கிக் குவித்தவர்கள். கடைசியில் கடன் தாங்காமல், 1627-28இல் அந்தச் சேகரிப்பின் பெரும்பகுதியை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ல்ஸுக்கு விற்றார்கள். 1630இல் ஜெர்மன் கூலிப்படை நகரத்தைச் சூறையாடியது. மிச்சத்தில் ஒரு பங்கு நெப்போலியன் காலத்தில் பிரான்ஸுக்குப் போனது. இன்று அந்தக் குடும்பத்தின் ஓவியங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பாரிஸின் லூவருக்கும் லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட்டுக்கும் போக வேண்டும்.

ஊரில் தங்கிப்போனது பெரும்பாலும் யாராலும் பெயர்த்துக்கொண்டு போக முடியாதவைதான். சுண்ணாம்பு பூசிய சுவரிலேயே தீட்டிய ஓவியங்கள், கூரைகள், கோயில், அரண்மனை, ஏரி. இவை எந்தக் கண்காட்சிக்கும் பயணம் போகாது. நாம்தான் போயாக வேண்டும். இத்தாலியில் குறுகிய கலைப் பயணம் என்று யார் கேட்டாலும் நான் மாந்தோவாவைச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஊர் சிறியது. ரயில் நிலையத்திலிருந்து நடு ஊருக்குக் கால் மணி நேர நடை. ஃப்ளாரன்ஸில் வரிசையில் நிற்கும் நேரத்தில் இங்கே ஒரு அரண்மனையையே பார்த்துவிடலாம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர்தான், ஆனாலும் வெனிஸ் மாதிரி நெரிசல் இல்லை.

எப்போது போவது

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். இந்த மாதங்களில் நாள் முழுக்க நடக்கலாம். போ ஆற்றுச் சமவெளியில் இருக்கும் ஊர் என்பதால் கோடையில் புழுக்கம் அதிகம், மூன்று பக்கமும் ஏரி என்பதால் கொசுவும் அதிகம். குளிர்காலத்தில் அடர்ந்த மூடுபனி.

கோடையைப் பற்றி இப்படிச் சொன்னாலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: தாமரை. 1921இல் மரியா பெல்லெக்ரெஃப்பி என்ற இளம்பெண் இந்த ஏரியில் ஆசியத் தாமரையை நட்டார். அது பரவி, இன்று ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேல் ஏரியின் பெரும்பரப்பை இளஞ்சிவப்பாக்கிவிடுகிறது. அதற்காகவே படகுச் சவாரி நடக்கிறது. அளவுக்கு மீறிப் பரவுவதால் அவ்வப்போது வெட்டிக் கட்டுப்படுத்தவும் செய்கிறார்கள். நம் ஊர்க் குளத்துத் தாமரையை இத்தாலிய அரண்மனைக் கோபுரங்களின் பின்னணியில் பார்க்க ஆசையிருந்தால் வெயிலையும் கொசுவையும் பொறுத்துக்கொள்ளலாம். கொசு விரட்டிக் களிம்பு எடுத்துப் போங்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் இலக்கியத் திருவிழா நடக்கும். 1997 முதல் நடந்துவருகிறது. எழுத்தாளர்கள் சதுக்கங்களிலும் முற்றங்களிலும் பேசுவார்கள், ஊரே கலகலப்பாக இருக்கும். ஆனால் அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

கிழமையும் முக்கியம். கொன்சாகா அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே ஞாயிறு மாலை வந்து செவ்வாய் காலை கிளம்பும் திட்டம் போடவே போடாதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம், அதனால் கூட்டமும் கூடும். எனக்குப் பிடித்தது புதன் அல்லது வியாழன் மதியம் வந்து இறங்கி, வெள்ளி அல்லது சனி மாலை கிளம்புவது.

விசாவும் வழியும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். 15 நாள் என்பது சட்டம் சொல்வது. நேர்காணல் தேதி கிடைப்பதே இழுக்கும் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் ஐந்து நாள், இத்தாலியில் மூன்று நாள் என்றால் பிரான்ஸிடம்.

மாந்தோவாவுக்கு மிக அருகில் உள்ள பெரிய ஊர் வெரோனா. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம் சொச்சம். மிலானிலிருந்து நேரடி ரயில் உண்டு, சுமார் இரண்டு மணி நேரம். வெனிஸிலிருந்து வந்தால் வெரோனாவில் மாறுங்கள், பொலோன்யாவிலிருந்து என்றால் மொதேனாவில். சுவிட்சர்லாந்தில் இருக்கும் நம்மவர்களுக்கு சூரிச்–மிலான் நேரடி ரயில் இருப்பதால் நீண்ட வார இறுதியிலேயே இதை முடித்துவிடலாம்.

நிலையப் பலகைகளிலும் ரயில் செயலியிலும் ‘மாந்தோவா’ என்றுதான் இருக்கும். ஆங்கில நூல்களில் வரும் மான்டுவா இதே ஊர்தான்.

ரயில் சீட்டில் ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். அதிவேக ரயில்களுக்கு முன்பதிவு செய்தால் விலை குறையும். உள்ளூர் ரயில்களுக்கு எப்போது வாங்கினாலும் ஒரே விலை, அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. காகிதச் சீட்டு என்றால் ஏறும் முன் நடைமேடை அருகே இருக்கும் சிறிய இயந்திரத்தில் செருகி நேரம் பதிக்க வேண்டும். கைபேசிச் சீட்டு என்றால் செயலியில் செக்-இன் செய்ய வேண்டும். மறந்தால் சீட்டு இருந்தும் அபராதம்.

காரை வாடகைக்கு எடுக்காதீர்கள். பழைய ஊருக்குள் வெளியார் வண்டிகளுக்குத் தடை உள்ள பகுதிகள் இருக்கின்றன. கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

எங்கே தங்குவது, என்ன பதிவு செய்வது

பழைய ஊருக்குள்ளேயே தங்குங்கள். நடு ஊரில் இருக்கும் எர்பே சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் எங்கே இருந்தாலும் சரி. தெருக்கள் ஆற்றுக் கூழாங்கல் பாவியவை. சக்கரப் பெட்டி படாதபாடு படும், மெல்லிய செருப்பில் பாதம் வலிக்கும். தோளில் மாட்டும் பையும் தடித்த அடியுள்ள காலணியும் இருந்தால் நிம்மதி. விடுதிக் கட்டணத்தோடு ஆளுக்கு இத்தனை என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள். அது பல இத்தாலிய ஊர்களிலும் உள்ளதுதான்.

முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பலாத்ஸோ துகாலே என்ற அரண்மனைக்கான சீட்டு, அதிலும் சுவரும் கூரையும் ஓவியமாக இருக்கும் ‘மணமக்கள் அறை’ உள்ளடங்கிய சீட்டு. ஓவியத்தின் பாதுகாப்புக்காக அந்த அறைக்குள் ஒரு நேரத்தில் சிலரை மட்டுமே விடுகிறார்கள். காலையில் திறந்ததும் கிடைக்கும் முதல் நேரத்தை எடுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை. பிள்ளைகளின் கடவுச்சீட்டை மறக்காதீர்கள். மூன்றாம் நாள் பார்க்கப்போகும் பலாத்ஸோ தே என்ற மாளிகை நகராட்சியைச் சேர்ந்தது. அதன் நேரமும் கட்டணமும் வேறு, தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மதியம்: சதுக்கங்களும் ஆல்பெர்ட்டியின் தேவாலயமும்

பெட்டியை வைத்துவிட்டு நேராக எர்பே சதுக்கத்துக்குப் போங்கள். வியாழன் காலை என்றால் சந்தை நடக்கும். ஒரு பக்கம் நீதிமன்ற மாளிகை, அதன் மணிக்கூண்டில் 1473இல் பார்த்தொலொமேயோ மன்ஃப்ரேதி அமைத்த வானியல் கடிகாரம். மணி மட்டுமல்ல, ராசியும் நிலவின் நிலையும் காட்டுவதற்காகச் செய்தது.

பக்கத்திலேயே தெரு மட்டத்தைவிடத் தாழ்வாக ஒரு வட்டச் செங்கல் கட்டடம் இருக்கும். 11ஆம் நூற்றாண்டின் சான் லொரென்ஸோ தேவாலயம். பல நூற்றாண்டுகள் சுற்றிலும் வீடுகள் எழும்பி, கூரையும் போய், அது இருப்பதே கண்ணில் படாமல் போயிற்று. 1907-08இல்தான் வீடுகளை அகற்றி மீட்டெடுத்தார்கள். படி இறங்கி உள்ளே போங்கள், பத்து நிமிடம் போதும்.

அப்புறம் சான் அந்திரேயா. இதற்கு அவசரப்படக் கூடாது. லெயோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி திட்டம் வரைந்தார், 1472இல் வேலை தொடங்கியது, அதே ஆண்டு அவர் இறந்துபோனார். லூக்கா ஃபன்செல்லி என்ற கட்டடக் கலைஞர் தொடர்ந்து கட்டினார். குவிமாடம் வந்தது 18ஆம் நூற்றாண்டில், ஃபிலிப்போ யுவாராவின் வடிவமைப்பில்.

முகப்பைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். பழைய ரோமானியர்கள் போர் வெற்றிக்குக் கட்டிய வளைவு வாயிலை ஆல்பெர்ட்டி தேவாலய முகப்பாக்கியிருக்கிறார். உள்ளே போனதும் அந்த வளைவே நீண்டு, நடுவில் தூண் ஒன்றுகூட இல்லாமல் ஒரே பெரிய அரைவட்டக் கூரையாக ஓடுகிறது. இரு பக்கமும் தூண் வரிசை நட்டு மூன்று நடைகளாகப் பிரிப்பதே அதுவரை பெருங்கோயில்களின் வழக்கம். கிடைத்தது பளிங்கு அல்ல, செங்கல். செங்கல்லை வைத்தே ரோமாபுரியின் கம்பீரத்தைக் கொண்டுவந்த மனிதர் மேல் எனக்குத் தீராத மரியாதை.

இடது பக்கம் முதல் சிற்றாலயத்தில் ஓவியர் மாந்தேன்யாவின் சமாதி. வெண்கலத்தில் அவர் முகம் இருக்கிறது: கடுகடுப்பான, களைத்த, விட்டுக்கொடுக்காத முகம். இந்த முகத்தை இன்று பார்த்து வைத்துக்கொண்டால் நாளை அரண்மனையில் அவர் ஓவியத்தின் முன் நிற்கும்போது உதவும்.

இங்கே அனுமதி இலவசம். மதிய நேரத்தில் மூடுவார்கள், வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள்.

இரண்டாம் நாள் காலை: அரண்மனையும் அந்த ஒரு அறையும்

1328 ஆகஸ்டில் கொன்சாகாக்கள், அதுவரை ஆண்ட பொனாகொல்சி குடும்பத்தைத் துரத்திவிட்டு ஆட்சியைப் பிடித்தார்கள். அரண்மனை முன்னால் இருக்கும் சொர்தெல்லோ சதுக்கத்தில் நடந்த சண்டை. அதே சண்டையை தொமேனிக்கோ மொரோனே 1494இல் தீட்டிய ஓவியம் அரண்மனைக்குள் இருக்கிறது. சதுக்கத்தை நன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போனால் ஓவியத்தில் உள்ள கட்டடங்களை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அரண்மனை 500க்கும் மேற்பட்ட அறைகள் கொண்டது. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் பதினோரு மணிக்குள் கண் அயர்ந்துவிடும். முதலில் நேரே சான் ஜோர்ஜோ கோட்டைப் பகுதிக்கு, மணமக்கள் அறைக்குப் போங்கள்.

மாந்தேன்யா 1460இல் லுதோவிக்கோ கொன்சாகாவின் அவை ஓவியராக இந்த ஊருக்கு வந்தார். 1465இல் இந்த அறையைத் தொடங்கி 1474இல் முடித்தார். ஏறக்குறைய எட்டு மீட்டர் சதுரமுள்ள ஒரு சிறிய அறைக்கு ஒன்பது ஆண்டு. வடக்குச் சுவரில் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. கையில் கடிதத்துடன் லுதோவிக்கோ, அருகில் மனைவி பார்பரா, பிள்ளைகள், அவையோர், ஒரு குள்ளப் பெண், நாற்காலிக்கு அடியில் ரூபினோ என்ற நாய். யாரும் நம்மைக் கவனிப்பதாகத் தெரியவில்லை, ஒருவரைத் தவிர: அந்தக் குள்ளப் பெண் நேராக நம்மைப் பார்க்கிறாள்.

மேற்குச் சுவரில் லுதோவிக்கோ தன் மகன் கர்தினால் ஃபிரான்செஸ்கோவைச் சந்திக்கும் காட்சி. அங்கே வரைந்த சதுரத் தூணின் இலைகொடி அலங்காரத்துக்குள் ஒரு சின்ன முகம் ஒளிந்திருக்கிறது. நேற்று வெண்கலத்தில் பார்த்த அதே மாந்தேன்யா. தேடிக் கண்டுபிடியுங்கள்.

பிறகு தலையை நிமிர்த்துங்கள். கூரை நடுவே வட்டமாகத் திறந்து வானம் தெரிகிறது. கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள், ஒரு மயில் நிற்கிறது, குண்டுக் குழந்தைகள் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு கம்பின்மேல் மட்டும் தாங்கி நிற்கிற செடித்தொட்டி நம் தலைமேல் விழுந்துவிடும்போல இருக்கிறது. திறப்பே கிடையாது. எல்லாம் வண்ணம். கீழிருந்து மேலே பார்ப்பது போல உருவங்களைக் குறுக்கி வரைந்து, கூரையே திறந்துவிட்டதாக நம்பவைக்கும் முறைக்கு இதுதான் தொடக்கம். பின்னால் 17ஆம் நூற்றாண்டில் ரோமின் தேவாலயக் கூரைகளில் தேவதைகள் பறந்ததெல்லாம் இதன் வழிவந்தது.

கூட்டமான நாட்களில் உள்ளே சில நிமிடங்கள்தான் கிடைக்கும். படம் எடுப்பதில் அதைச் செலவழிக்காதீர்கள். நல்ல அச்சுப் படங்கள் கடையிலேயே கிடைக்கும். முதலில் வடக்குச் சுவர், அடுத்து மேற்கு, கடைசியில் கூரை என்று வரிசை வைத்துக்கொண்டால் எதுவும் விட்டுப்போகாது. 2012 நிலநடுக்கத்தில் இந்தக் கோட்டை சேதமடைந்து, அறையைப் பழுதுபார்த்து 2015இல்தான் மறுபடி திறந்தார்கள். அத்தனை எளிதில் இழந்திருக்கக்கூடியது.

மீதியில் நான் தவறவிடாதீர்கள் என்று சொல்வது பிசனெல்லோ கூடம். ஓவியர் பிசனெல்லோ, வீரர்கள் மோதும் போட்டிக் காட்சியை இங்கே தொடங்கி முடிக்காமலே விட்டுப் போனார். பிற்காலப் பூச்சுகளுக்கு அடியில் மறைந்துகிடந்தது 1960களில் வெளிவந்தது. முடியாத ஓவியம் என்பதால் பூச்சுக்குக் கீழே அவர் போட்ட முதல் கோடுகளையும் பார்க்க முடிகிறது. அப்புறம் இசபெல்லா தெஸ்தேயின் அறைகள். 1490இல் மணப்பெண்ணாக வந்து ஐரோப்பாவே பேசும் சேகரிப்பாளராக ஆனவர். அவர் அறைக்காக மாந்தேன்யா துணியில் தீட்டிய ஓவியங்கள் லூவருக்குப் போய்விட்டன. சுவரின் மர வேலைப்பாடு இங்கேயே இருக்கிறது. நேரம் இருந்தால், கொன்சாகா குடும்பத்தை ரூபன்ஸ் தீட்டிய பெரிய ஓவியம். பிரெஞ்சுப் படைக் காலத்தில் துண்டு போட்டதில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் மதியம்: சாப்பாடு, நாடக அரங்கு, ஏரி

உணவகங்கள் மதியம் இரண்டு, இரண்டரைக்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடும். மாலை ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி. இடையில் பசித்தால் காபிக் கடைதான். பில்லில் மேசைக் கட்டணம் என்று ஆளுக்கு ஓரிரு யூரோ சேரும், ஏமாற்று இல்லை, வழக்கம். குழாய்த் தண்ணீர் தைரியமாகக் குடிக்கலாம்.

சைவர்களுக்கு இந்த ஊர் நல்ல ஊர். இங்கத்திய சிறப்பே தொர்தெல்லி தி ஸுக்கா: பூசணிக்காய், பாதாம் பிஸ்கட் பொடி, கடுகு காரமேறிய பழப்பாகு, பாலாடைக்கட்டி எல்லாம் பிசைந்து மாவுக்குள் மடித்து, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். இனிப்பும் காரமும் ஒரே வாயில். சில இடங்களில் பன்றி இறைச்சிக் குழம்பு ஊற்றுவதுண்டு, ஆகவே ‘சென்ஸா கார்னே’ என்று சொல்லிவிடுங்கள், இறைச்சி வேண்டாம் என்று பொருள். உள்ளே பிசைவதும் மேலே தூவுவதும் கன்றின் இரைப்பை நொதியில் உறைய வைத்த பாலாடைக்கட்டி. கண்டிப்பான சைவர்கள் இதைத் தவிர்க்க வேண்டியிருக்கும். ஸ்பிரிசொலோனா என்ற பாதாம், சோளமாவு மொறுமொறுப்புக் கேக்கில் மரபுப்படி பன்றிக்கொழுப்பும் சேரும், கேட்டு வாங்குங்கள். அசைவர்களுக்கு பிலோட்டா சோறு, அதாவது பன்றி இறைச்சி போட்ட அரிசிச் சோறு. ஏரி மீன் பிரியர்களுக்கு லூச்சோ என்ற நன்னீர் மீன்.

சாப்பிட்ட பிறகு பிபியேனா அரங்கு. அந்தோனியோ பிபியேனா கட்டியது, 1769 டிசம்பரில் திறப்பு. மணி வடிவக் கூடம், அடுக்கடுக்காக மர மாடங்கள். திறந்து ஆறு வாரத்தில், 1770 ஜனவரி 16 அன்று, 14 வயதுகூட நிரம்பாத மொஸார்ட் இங்கே வாசித்தார். பார்க்க அரை மணி நேரம் போதும். அன்று மாலை கச்சேரி இருந்தால் யோசிக்காமல் சீட்டு வாங்குங்கள்.

வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரை. இவை மின்சோ ஆற்றை அடக்கி மனிதர்கள் உண்டாக்கிய ஏரிகள். 12ஆம் நூற்றாண்டு இறுதியில் அல்பெர்த்தோ பிதெந்தீனோ என்ற பொறியாளர் ஆற்றைத் தேக்கி, ஊரைச் சுற்றி நான்கு ஏரி அமைத்தார். வெள்ளமும் அடங்கியது, எதிரிப் படைக்கும் தடை. நான்காவது ஏரியை 18ஆம் நூற்றாண்டில் வற்றவைத்துவிட்டார்கள். சான் ஜோர்ஜோ பாலத்தைக் கடந்து மறுகரையிலிருந்து திரும்பிப் பார்த்தால் கோபுரங்களும் குவிமாடமும் கோட்டையும் தண்ணீரிலிருந்தே எழுவது போலத் தெரியும். மாலை வெளிச்சம் அதற்கு ஏற்றது.

மூன்றாம் நாள்: பலாத்ஸோ தே

நடு ஊரிலிருந்து தெற்கே அரை மணி நேரம் நடை. வழியில் மாந்தேன்யாவின் வீடு: வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம். கண்காட்சி நடந்தால் உள்ளே போகலாம். எதிரிலேயே ஆல்பெர்ட்டியின் சான் செபஸ்தியானோ.

ரஃபேலின் மாணவர் ஜூலியோ ரொமானோ 1524இல் இங்கே வந்தார். அடுத்த ஆண்டே இசபெல்லாவின் மகன் ஃபெதெரிக்கோவுக்காக இந்த இன்ப மாளிகையைத் தொடங்கினார். குதிரை லாயங்கள் இருந்த இடம் இது. குதிரைக் கூடத்தில் ஃபெதெரிக்கோவின் குதிரைகள் உயிரளவில் நிற்கின்றன, மொரெல் ஃபவோரித்தோ என்று ஒன்றின் பெயரும் எழுதியிருக்கிறது. முற்றத்தில் நின்று மேல்வரிச் சிற்பங்களைக் கவனியுங்கள்: சில கற்கள் நழுவிக் கீழிறங்கியிருக்கும். பழுது இல்லை, வேண்டுமென்றே அப்படிக் கட்டினார். ஆல்பெர்ட்டி பயபக்தியோடு கையாண்ட ரோமானிய இலக்கணத்தை 50 ஆண்டு கழித்து ஜூலியோ மீறிக் காட்டுகிறார். முதல் நாள் சான் அந்திரேயாவை நிதானமாகப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

அரக்கர் அறை இந்த மாளிகையின் உச்சம். 1532 முதல் 1535 வரை தீட்டியது. ஜூபிடர் மேலிருந்து இடியை எறிகிறார், மலையும் தூணும் சரிந்து அரக்கர்கள் நசுங்குகிறார்கள். அறையின் மூலைகளை வளைத்துப் பூசியிருப்பதால் சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கட்டடம் நம்மீதே இடிகிறது என்ற உணர்வு வரும். ஒரு மூலையில் சுவரைப் பார்த்து மெதுவாகப் பேசினால் எதிர் மூலையில் இருப்பவருக்குக் கேட்கும், பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். இந்த மாளிகைக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால்

பலரும் சப்பியோனேத்தாவைச் சொல்வார்கள். கொன்சாகா கிளையில் வந்த வெஸ்பசியானோ புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய குட்டி நகரம், அழகானது. ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு என் பரிந்துரை வேறு: காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. மாந்தோவாவிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவு.

1680இல் அங்கே பிறந்தவர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர். எகர ஒகரக் குறில் நெடில் எழுத்துகளைத் திருத்தியவர், சதுரகராதி தந்தவர், தேம்பாவணியின் 3,615 பாடல்களைப் பாடியவர் இந்தச் சிற்றூரிலிருந்துதான் புறப்பட்டார். அதே ஊர்தான் கொன்சாகா குடும்பத்துப் புனிதரான லுயிஜியின் பிறப்பிடமும். 1859 ஜூன் 24 அன்று பக்கத்து சொல்ஃபெரினோவில் நடந்த பெரும் போரில் காயம்பட்டவர்களை இங்கே கொண்டுவந்து போட்டபோது, எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள் பராமரித்தார்கள். அதை உடனிருந்து கண்ட ஹென்றி துனாந்த் பின்னால் செஞ்சிலுவை இயக்கம் உருவாகக் காரணமானார். இங்கே செஞ்சிலுவை அருங்காட்சியகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து மிகக் குறைவு, எனவே வார நாளில் போங்கள். திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கிய உடனே நிறுத்தத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பேருந்துச் சீட்டைச் செய்தித்தாள், சிகரெட் விற்கும் கடைகளில் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.